வீட்டுக்கொரு பாத்தி: கைராசியா, கடை நாற்றா?



இந்த மாதம் மழைக்காலப் பாத்திகளைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டேன். காரணம் ஒரு கடிதம். பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரையும் தோட்டத்தையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. கடிதத்தில் அவர் சொல்வது இது:

"சம்பளம் போட்ட சனிக்கிழமை பட்டணத்துப் பாசார் மாலாமில் மிளகாய் நாற்று 10, கத்தரி நாற்று 6 வாங்கி வந்தேன். மொத்தம் 24 வெள்ளி. மறுநாள் வேலை இல்லை. காலைச் சமையலை முடித்துவிட்டுப் பத்து மணிக்குப் பின்பக்கம் குழி வெட்டி, கோழி எருவைப் போட்டு, எல்லாவற்றையும் நட்டு, தண்ணீரும் ஊற்றினேன். புதன்கிழமைக்குள் பதினாறும் போய்விட்டன. இப்படி ஆவது இது இரண்டாவது தடவை. காசைக் கொண்டுபோய்க் கால்வாயில் போடு என்கிறார் வீட்டுக்காரர். உன் கைராசி அப்படி, இனிமேல் நீ செடியைத் தொடாதே என்கிறார் மாமியார். வீட்டுக்குத் தூரமான நாளில் தொட்டிருப்பாள் என்று பக்கத்து வீட்டிலும் பேச்சு. என் மகளுக்கு 12 வயது. அவளும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். என் கையில் ஏதாவது குறை இருக்கிறதா, ஐயா?"

இல்லை, சகோதரி. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. மாதவிலக்கு நாளில் தொட்டதால் செடி பட்டுப்போகும் என்பதற்கும் ஆதாரம் எதுவுமில்லை. நாற்றுப் பண்ணைகளில் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் நாற்றுகளைத் தொட்டுப் பிரித்து நடுகிற பெண்கள் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டா வேலைக்குப் போகிறார்கள்? செம்பனை நாற்று மேடையில் வேலை செய்த தாய்மார்கள் நம் வாசகர்களிலேயே ஏராளம். அவர்கள் தொட்ட கன்றுகள்தாம் இன்று குலை தள்ளி நிற்கின்றன. உங்கள் மாமியாரிடம் இதை எடுத்துச் சொல்வது உங்களுக்குச் சிரமமாக இருக்கலாம். இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள். மகளிடம் மட்டும் நீங்களே நேராகச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் பதினாறும் போனது போனதுதான். அதற்குக் காரணம் உண்டு. உங்கள் கடிதத்திலேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன. காலை பத்து மணி என்பது ஒன்று. கோழி எரு என்பது இன்னொன்று. வாங்கிய மறுநாளே என்பது மூன்றாவது.

கடையில் அந்த நாற்று எப்படி வளர்ந்தது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தலைக்கு மேலே பாதி வெயிலை மறைக்கும் கறுப்பு வலை. தினம் இரண்டு மூன்று முறை பூவாளித் தண்ணீர். காலுக்குக் கீழே தேங்காய் நார்த்தூள், பஞ்சு போல இலேசானது. பக்கத்தில் நெருக்கமாகக் கூட்டாளிகள் நிற்பதால் காற்றும் அடிக்காது. அப்படிச் செல்லமாக வளர்ந்த பிள்ளையை ஒரே நாளில் கொண்டுவந்து லயத்து வீட்டுப் பின்பக்கத்துச் செம்மண்ணில், உச்சி வெயிலில், தனியாக நிறுத்திவிட்டோம். இலை வெயிலில் நீரை இழந்துகொண்டே இருக்கிறது. பறிக்கும்போது அறுந்த வேரால் அந்த அளவுக்கு உறிஞ்சிக் கொடுக்க முடியவில்லை. வரவு குறைந்து செலவு கூடினால் குடும்பமே தள்ளாடும்போது, நாலு இலை நாற்று என்ன செய்யும்?

முன்பெல்லாம் இந்தத் தொல்லை குறைவு. 1974-இல் துன் அப்துல் ரசாக் காலத்தில் பச்சைப் புத்தகத் திட்டம் என்று வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னார்கள். அப்போது பழுத்த மிளகாயைக் காயவைத்து, விதையை எடுத்துத் தகர டின்னில் தூவி, நாமே நாற்று விட்டோம். முளைத்த நாளிலிருந்தே அது நம் வீட்டு வெயிலைப் பார்த்து வளர்ந்தது. இன்று வேலைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் நடுவில் விதை தூவி ஐந்து வாரம் காத்திருக்க எல்லோருக்கும் முடிவதில்லை. கடை நாற்று வாங்குவதில் தவறில்லை. அதை நம் வீட்டுக்குப் பழக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் வாங்குகிற இடத்தில் கவனிக்க வேண்டியது. உயரமான நாற்றைத் தேடாதீர்கள். நெடுநெடுவென்று வளர்ந்து, தண்டு மெலிந்து, கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு நிற்பது வெளிச்சம் போதாமல் வளர்ந்த செடி. குட்டையாக, தண்டு பென்சில் குச்சியைப் போல் உறுதியாக, நாலு முதல் ஆறு இலை விட்டதாகப் பாருங்கள். பூவோ பிஞ்சோ வைத்த நாற்றைக் கண்டால் நம் தாய்மார்களுக்கு ஆசை வரும். விற்பவரும் அதைத்தான் முன்னால் வைப்பார். சிறிய பையில் அடைபட்டுப் பல நாள் நின்ற செடிதான் பெரும்பாலும் அப்படிப் பூக்கும். வேறு இல்லையென்றால் வாங்கி, பூவைக் கிள்ளிவிட்டு நடுங்கள்.

இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பூச்சி, அசுவணி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத இலைப்பேன் இருக்கிறதா? மிளகாயில் நுனியிலை சுருண்டோ மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகவோ இருக்கிறதா? இந்தப் பூச்சிகள் பரப்பும் நச்சுயிரி நோய்க்கு மருந்தே கிடையாது. சுருண்ட ஒரு நாற்றை மலிவாகக் கொடுத்தால்கூட வாங்காதீர்கள். அது வீட்டிலுள்ள நல்ல செடிகளையும் கெடுத்துவிடும். பையின் அடியையும் பாருங்கள். ஓட்டை வழியாக வேர் கொத்தாக வெளியே தொங்கினால் நாற்று முற்றிவிட்டது.

வெண்டை, பயற்றங்காய் இவற்றின் நாற்றையும் சிலர் விற்கிறார்கள். அதற்குக் காசு கொடுப்பது வீண் என்பது என் கருத்து. இவை வேரை அசைத்தால் பொறுக்காதவை. விதையை நேராகப் பாத்தியில் ஊன்றினால் நாலைந்து நாளில் முளைத்து, வாங்கி நட்டதை முந்திக்கொண்டு வளர்ந்துவிடும். கங்கோங்குக்கு அதுவும் வேண்டாம். சமைக்க வாங்கிய கட்டிலிருந்து முற்றின தண்டை ஒடித்து ஈரத்தில் செருகினாலே போதும். கடையில் வாங்க வேண்டியவை மிளகாய், கத்தரி, தக்காளி, கறிவேப்பிலைக் கன்று போன்றவை.

இனி வீட்டுக்குக் கொண்டுவருவது. இதை யாருமே ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. பாசார் மாலாமிலிருந்து மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருபது நிமிடம் வருகிறோம். கொடியில் போட்ட துணி காற்றில் காய்வது போல அந்த இருபது நிமிடமும் இலை காய்ந்துகொண்டே வருகிறது. பழைய நாளிதழை நனைத்துச் சுற்றி, அட்டைப் பெட்டியில் நெருக்கி நிறுத்திக் கொண்டுவாருங்கள். வந்தவுடன் தண்ணீர் தெளித்து நிழலில் வையுங்கள்.

அன்றோ மறுநாளோ நடாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். முதல் இரண்டு நாள் வீட்டுத் தாழ்வாரத்து நிழலில் இருக்கட்டும். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணி வரை வெயில் படும்படி வைத்து, பிறகு நிழலுக்கு எடுத்துவிடுங்கள். அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொரு மணி நேரமாகக் கூட்டுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை யார் செய்வது என்று கேட்பீர்கள். நிழலும் வெயிலும் மாறி விழும் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டுப் போனால் அந்த வேலையை மரமே செய்துவிடும். தண்ணீரையும் கொஞ்சம் குறையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். ஏழாம் நாள் பார்த்தால் இலை சற்றுக் கனத்து, நிறம் கூடியிருக்கும். வெயிலுக்குத் தயாராகிவிட்டது என்று பொருள்.

அந்த ஒரு வாரத்தைவிட முன்னதாகவே தொடங்க வேண்டியது மண் வேலை. நம் நாட்டு மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை கொண்டது. லயத்துப் பின்பக்கங்களில் பல வருடம் மனிதர் நடந்து இறுகிப்போன மண் வேறு. நாற்று நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஓரடி ஆழம் கொத்தி, டோலமைட் சுண்ணாம்பு கிடைத்தால் சதுர கஜத்துக்கு இரண்டு கைப்பிடி தூவிக் கிளறிவிடுங்கள். எருவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். எருவிலுள்ள சத்து ஆவியாகப் பறந்துவிடும். மூக்கைத் துளைக்கும் அந்த வாசனைதான் நீங்கள் இழக்கும் உரம்.

குழியை மட்டும் வெட்டி அதில் நல்ல மண்ணை நிரப்புவது நம்மில் பலருடைய வழக்கம். களிமண் தரையில் அந்தக் குழி ஒரு குண்டான் போல ஆகிவிடுகிறது. மாலை மழை பெய்தால் சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அதில் தேங்கி, வேர் மூச்சுத் திணறும். பாத்தி முழுவதையும் கொத்தித் தரையைவிட முக்கால் அடி உயர்த்தி, ஓரத்தில் வாய்க்கால் விடுங்கள். மழைக்குப் பேர்போன நாட்டில் இருந்துகொண்டு தண்ணீரைத் தேக்கும் பாத்தி நமக்கு ஆகாது.

கோழி எருவைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். பச்சைக் கோழி எரு சூடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. அது மக்கும்போது சூடும் எழும்; வெளிவரும் அம்மோனியாவும் உப்பும் இளவேரைக் கருக்கிவிடும். நானே ஒரு முறை, பக்கத்துக் கோழிப் பண்ணையில் சும்மா கொடுக்கிறார்களே என்று இரண்டு சாக்கு வாங்கி வந்து, அன்றைக்கே கத்தரிக்குப் போட்டு, வரிசை முழுவதையும் பறிகொடுத்தவன். சும்மா கிடைத்தது என்பதால் மனைவியிடம் வாங்கிய பேச்சு கொஞ்சம் குறைவு. எருவைக் குவித்து, ஈரம் தெளித்து, சாக்கால் மூடி, வாரம் ஒரு முறை கிளறி ஆறு எட்டு வாரம் விடுங்கள். நாற்றம் போய், தொட்டால் மண் போல உதிரும்போது போடுங்கள்.

நடுகிற நேரம் மாலைதான். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் மாலை நான்கு மணி என்று எழுதியிருக்கும். அதை அப்படியே இங்கே பின்பற்றக்கூடாது. தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி முதல் தேதியன்று கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி வைத்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒன்றேகால் மணி வாக்கில்தான். நான்கு மணிக்கு இங்கே வெயில் இன்னும் சுடும். ஐந்தரைக்கு மேல் நடுங்கள். மந்தாரமான நாளாக இருந்தால் இன்னும் நல்லது. இரவு முழுவதும் வேர் ஓய்வெடுத்துக்கொள்ளும்.

நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பையிலுள்ள நாற்றுக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமான மண் வேரோடு ஒட்டிக்கொண்டு வரும். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. இலை போனால் இன்னொன்று வரும். தண்டு நசுங்கினால் வேறு தண்டு வராது. பையைக் கத்தியால் கீறிப் பிரியுங்கள். தட்டில் வளர்த்த நாற்றானால் அடியிலிருந்து விரலால் தள்ளுங்கள். வேர் உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அடிப்பக்கத்தை விரலால் மெதுவாகத் தளர்த்திவிடுங்கள். கறிவேப்பிலைக் கன்றுக்கு மட்டும் இந்த வேலை வேண்டாம். மண் கட்டி உடையாமல் அப்படியே இறக்குங்கள்.

எவ்வளவு ஆழம்? மிளகாயும் கத்தரியும் பையில் இருந்த அதே மட்டம், அல்லது ஒரு விரற்கடை கூடுதல். தக்காளி அப்படியல்ல. அதன் தண்டு மண்ணில் படுகிற இடத்திலெல்லாம் வேர் விடும். ஆகவே கீழிலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாகவே நடலாம். நார்த்தூளில் வளர்ந்த நாற்றாக இருந்தால், அந்த நார்த்தூள் வெளியே தெரியாதபடி மேலே அரை அங்குலம் நம் மண்ணைப் போட்டு மூடுங்கள். வெளியே தெரிந்தால் அது விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல வேரடி ஈரத்தை மேலே இழுத்துக் காற்றுக்குக் கொடுத்துவிடும். மிளகாய்க்குச் செடிக்குச் செடி இரண்டடி, கத்தரிக்கு இரண்டரை மூன்றடி. நாற்று சின்னதாக இருக்கிறதே என்று நெருக்கி நட்டு, பிறகு வருந்தாதீர்கள்.

நட்டவுடன் பால் டின்னால் ஒரு டின் தண்ணீர். பிறகு அந்தப் பால் டின்னையே இரண்டு பக்கமும் வெட்டி வளையமாக்கி, விளிம்பை மடக்கி, நாற்றைச் சுற்றிப் பாதி மண்ணில் புதையும்படி வையுங்கள். இரவில் வந்து தண்டைத் தரையோடு துண்டிக்கும் வெட்டுப்புழுவுக்கு அதுவே மதில். நத்தைக்கு அது போதாது. மழை விட்ட இரவில் டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்குவதுதான் வழி. வெறுங்கையால் தொடாதீர்கள். மேற்குப் பக்கம் ஒரு செம்பனை மட்டையைச் சாய்த்துச் செருகிவிட்டால் பிற்பகல் வெயில் நேராக விழாது. நாலைந்து நாளில் எடுத்துவிடலாம். லயத்துக் கோழிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் வலையோ முள்ளோ இல்லாவிட்டால், நீங்கள் கிளறிய மண்ணை அவை மறுபடியும் கிளறித்தான் பார்க்கும்.

முதல் வாரம் நடுப்பகலில் இலை தொய்ந்து நிற்கும். பயப்படாதீர்கள். மாலையில் தானாக நிமிர்ந்தால் அது தாகமல்ல, களைப்பு. அதைப் பார்த்துப் பதறிக் குடம் குடமாக ஊற்றி வேரை அழுக வைப்பவர்கள் அநேகம். காலையில் ஒரு டின், மாலையில் ஒரு டின், மழை பெய்தால் அதுவும் வேண்டாம். உரமும் இப்போது வேண்டாம். இரண்டு வாரம் கழித்துப் புதிய இலை வந்த பிறகு 15:15:15 உரத்தில் ஒரு தேக்கரண்டியைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணில் கிளறிவிடுங்கள்.

இவ்வளவையும் அந்தச் சகோதரிக்கு முதலில் தனிக் கடிதமாகவே எழுதி அனுப்பியிருந்தேன். அவர் விடவில்லை. அடுத்த சம்பளத்தில் 8 மிளகாய் நாற்று வாங்கி, ஒரு வாரம் பழக்கி, மாலையில் நட்டார். வீட்டுக்காரரும் மனமிரங்கிக் கூட வந்து மண்ணைக் கொத்திக் கொடுத்தாராம். சென்ற மாதக் கடைசியில் மறுபடி கடிதம் வந்தது. எட்டும் பிழைத்தன, ஆனால் பத்தாம் நாளிலிருந்து ஐந்து செடிகளின் நுனியிலை மட்டும் வெளிறி, ஒடுங்கி, வளர்ச்சி நின்றுவிட்டது, மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன, மறுபடியும் கைராசிப் பேச்சு ஆரம்பமாகிவிட்டது என்று எழுதியிருந்தார்.

ஒரே பாத்தி, ஒரே நாள், ஒரே கை. ஐந்துக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்றால் ஏதோ ஒன்று வேறாக இருக்க வேண்டும். யார் எதில் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்டு எழுதினேன். பதில் இப்படி வந்தது. மூன்று செடிகள் மகளுடையவை. அவள் வாளியிலிருந்து பால் டின்னில் மொண்டு ஊற்றுவாள். மற்ற ஐந்துக்கும் வீட்டுக்காரர், மனைவிக்குச் சுமை குறையட்டும் என்று, காட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பிளாஸ்டிக் கேனின் வாயை அகலமாக வெட்டி, அதில் தண்ணீர் பிடித்து, செடியின் தலையிலேயே ஊற்றி வந்திருக்கிறார். கேனில் முன்பு இருந்தது களைக்கொல்லி. இரண்டு தரம் கழுவியதாகவும் எழுதியிருக்கிறார். அடுத்த வரியைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் துணி அலசவும் பாத்திரம் கழுவவும் அதே கேனில்தான் தண்ணீர் பிடித்து வைக்கிறார்களாம்.

அந்தச் சகோதரருக்கு நான் மரியாதையோடு சொல்வது இதுதான். நல்ல எண்ணத்தோடு செய்திருக்கிறீர்கள், ஐயா. ஆனால் அந்தக் கேன் இனி ஒரு நாள்கூட வீட்டில் இருக்கக்கூடாது. செம்பனைக் காட்டில் அடிக்கும் களைக்கொல்லிகளில் மெட்சல்பியூரான் போன்ற சில, எக்டருக்குக் கிராம் கணக்கில்தான் தெளிக்கப்படுகின்றன. அவ்வளவு சிறிய அளவே ஒரு காட்டுப் புல்பூண்டை நிறுத்தும் என்றால், கேனின் மூலையிலும் கைப்பிடிக் குழாயிலும் ஒட்டியிருக்கும் எச்சம் ஒரு மிளகாய் நாற்றுக்குத் தாராளம். பாராகுவாட் என்ற கொடிய மருந்துக்கு இந்நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை. ஆயினும் பழைய கேன் ஒன்று எந்தக் காலத்தது, அதில் என்ன இருந்தது என்று, முகப்புத்தாள் கிழிந்த பிறகு யாரால் சொல்ல முடியும்? மூன்று முறை அலசி, அடியில் ஓட்டை போட்டு, தோட்டத்துச் சாமான் கொட்டகையிலேயே ஒப்படைக்க வேண்டிய பொருள் அது. ஓட்டை போடச் சொல்வதே, யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் பிடிக்கக்கூடாது என்பதற்காகத்தான். அலசிய கேன் ஒப்படைக்கத்தான் தகுந்தது, புழங்கத் தகுந்தது அல்ல. வேலைக்கு மருந்தடிக்கும் உடுப்பைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்து ஊறவைப்பதையும் இதோடு நிறுத்திவிடுங்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களும் இன்று மாலை பின்பக்கம் போய் ஒரு முறை பாருங்கள். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், கோழிக் கூண்டுக்குள், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கேன் இருக்கிறதா என்று. செடி நமக்குக் காட்டிக்கொடுத்தது. பிள்ளைகளின் உடம்பு அவ்வளவு சீக்கிரம் காட்டாது.

ஐந்து செடிகளும் தேறுமா என்று கேட்கிறீர்கள், சகோதரி. நுனி முழுவதும் கருகாமல் இருந்தால், நல்ல தண்ணீரால் இலையையும் மண்ணையும் அலசிவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். பக்கக் கிளை விட்டால் பிழைத்தது. ஆனால் அந்த ஐந்தில் காய்ப்பதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். கேனில் இருந்தது என்னவென்று தெரியாதபோது துணிய வேண்டாம். என்னைக் கேட்டால், பிடுங்கிவிட்டு மகளின் மூன்று செடிகளைக் கவனியுங்கள் என்பேன். நன்றாகப் பேணிய மூன்று மிளகாய்ச் செடி ஒரு சிறு குடும்பத்தின் அன்றாடக் குழம்புக்கும் சம்பலுக்கும் பெருமளவு ஈடுகொடுக்கும்.

கத்தரிக்கும் தக்காளிக்கும் வேறொரு பகை உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக வளர்ந்து பூக்கும் தறுவாயில், பச்சை மாறாமலே ஒரு நாள் முழுச் செடியும் தொய்ந்து, மறுநாள் காலையிலும் நிமிராமல் போனால், அது பாக்டீரியா வாடல் நோய். சந்தேகமிருந்தால் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போல ஓர் இழை இறங்கினால் அந்த நோய்தான். மருந்து கிடையாது. செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் சில வருடங்களுக்கு மிளகாய், கத்தரி, தக்காளி வைக்காமல் சோளமோ பயற்றங்காயோ போடுங்கள். கேமரன் மலையில் செழிக்கிற தக்காளி சமவெளிச் சூட்டில் அடிக்கடி ஏமாற்றுவதற்கு இந்த நோயும் ஒரு காரணம்.

கத்தரிக்கு ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. சுண்டைச் செடியின் அடியில் கத்தரியை ஒட்டுக் கட்டிய நாற்றுகள் சில நாற்றுக் கடைகளில் கிடைக்கின்றன. நாம் வற்றல் போடுகிற அதே சுண்டைதான், மலாய்க்காரர்கள் தெரோங் பீப்பிட் என்பது. அதன் வேர் இந்த வாடல் நோயை எதிர்த்து நிற்கும். விலை கூடுதல்தான், ஆனால் நோய் கண்ட மண்ணுள்ளவர்களுக்கு வாங்கத் தகுந்தது. நடும்போது ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும். புதைத்துவிட்டால் கத்தரியே வேர் விட்டு நோயை வாங்கிக்கொள்ளும், கொடுத்த காசு வீண். முடிச்சுக்குக் கீழே முளைக்கும் சுண்டைத் துளிரை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.

வீடு நிரந்தரமில்லை, தோட்டத்தை விட்டு எப்போது கிளம்பச் சொல்வார்களோ தெரியாது, எதற்குப் பாத்தி என்று கெடாவிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அவரைப் போன்றவர்கள் நல்ல உர மூட்டைச் சாக்கை உதறிக் கழுவி, அடியில் ஓட்டைகள் போட்டு, மண்ணும் மக்கிய எருவும் கலந்து, முக்கால் அளவு நிரப்பி, ஆளுக்கொரு செடியாக வைக்கலாம். மேலே சொன்ன பழக்கும் முறையும் நடும் முறையும் அதற்கும் பொருந்தும். தண்ணீர் மட்டும் தினம் வேண்டும். மாறிப் போகிற நாளில் லாரியில் அதுவும் ஏறிக்கொள்ளும்.

முருங்கைப் போத்து பற்றிக் கேட்ட நெகிரி செம்பிலான் வாசகிக்கு: மணிக்கட்டுப் பருமன், மூன்றடி நீளம், தண்ணீர் தேங்காத மேட்டில் ஓரடி ஆழம். விவரமாகவும், மழைக்காலப் பாத்திகளைப் பற்றியும் அடுத்த இதழில்.